மொரீசியசில் நிழல் மறையும் நண்பகலைப் பார்ப்பது எப்படி?

நிழலில்லா நாள் என்று இணையத்தில் சுற்றும் காணொளிகளில் சென்னையில் எடுத்தவையும் உண்டு. அங்கே ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி, நேராக நட்ட குச்சியின் நிழல் நண்பகலில் காணாமல் போகும். அந்தத் தேதிகளில் மொரீசியசில் ரோஸ் ஹில் நகரில் குச்சி நட்டுப் பயனில்லை. தலைநகர் போர்ட் லூயிஸ் பக்கத்தவர்களுக்கு நவம்பர் 22, ஜனவரி 20. இரண்டாவது நாள் பொங்கல் முடிந்த கையோடு வந்துவிடும். என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அன்று மொட்டைமாடிக்குக் கூட்டிப் போகாமல் நான் விடுவதில்லை.

போர்ட் லூயிஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 20.2 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் 23.4 பாகை வரை தெற்கே போய்த் திரும்புகிறது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை நம் உச்சிக்கு நேர் மேலே கடக்கிறது. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் மட்டும் நம் நண்பகல் நிழல் வடக்கே விழும்; மற்ற நாள்களில் தெற்கே.

குச்சியைவிட 30 செ.மீ. நீளமுள்ள பிவிசி குழாய்த் துண்டு நல்லது. இரு முனைகளையும் சாய்வின்றி அறுத்துக்கொள்ளுங்கள். இனிமேல்தான் கவனம் வேண்டும். மொட்டைமாடித் தளம் மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும். ஒரு பாகை சரிந்தாலும் குழாயின் நிழல் 5 மி.மீ. நீண்டுவிடும். அதனால் ஒரு பலகையை வைத்து, அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி, ரசமட்டத்தால் சமன் பாருங்கள். குழாய் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டால் சரிபாருங்கள். கொத்தனார் யாராவது உறவில் இருந்தால் அவரையே அழைப்பது உத்தமம்.

கடிகாரம் 12 காட்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் நாட்டு நேரம் 60 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது, தீவோ 57.5 பாகையில் இருக்கிறது. இதனால் நம் உச்சிவேளை 10 நிமிடம் பிந்துகிறது. பூமியின் சாய்வும் அதன் சுற்றுப்பாதை வட்டமாக இல்லாததும் சேர்ந்து இன்னும் மாற்றுகின்றன. கணக்குப் பார்த்தால் நவம்பரில் 11:56, ஜனவரியில் 12:21 அளவில் உச்சி வரும். அரை மணி முன்பே மாடியில் இருங்கள்.

மேற்கே கிடக்கும் நிழல் குழாயை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். அடியில் வெள்ளைத் தாள் வைத்திருந்தால், குழாய்க்குள் விழும் ஒளி அதன் அடி வட்டத்தை முழுதாக நிரப்பும் கணம் தெளிவாகத் தெரியும். பிள்ளைகள் கூச்சலிடும் இடம் அது! நான்கே நிமிடத்தில் கிழக்கே 5 மி.மீ. நிழல் எட்டிப் பார்த்துவிடும் என்பதால், படம் எடுப்பவர் கையில் கேமராவோடு தயாராக இருக்கட்டும். குழாய் வழியாகச் சூரியனைப் பார்க்க யாரையும் விடக்கூடாது, கண் போய்விடும்.

இரண்டில் நவம்பரையே நான் பரிந்துரைப்பேன். ஜனவரி மழையும் புயலும் உள்ள காலம். மேட்டு நிலத்தில் உள்ள கியூர்பீப் பக்கம் மேகம் விலகுவது அரிது. மேற்குக் கடற்கரைக்கு இறங்கிவிடுங்கள். குறித்த நாளில் மேகம் மூடினாலும் மறுநாள் பாருங்கள். நிழல் ஒரு மில்லிமீட்டர் அளவே கூடியிருக்கும். தெற்கே சூய்யாக்கில் நவம்பரில் ஓரிரு நாள் பிந்தியும், ஜனவரியில் ஓரிரு நாள் முந்தியும் இது நிகழும்.

பக்கத்துத் தீவான ரீயூனியனில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அதன் தலைநகர் சேன் தெனியில் நவம்பர் 25, 26, பிறகு ஜனவரி 16, 17. அங்கே உச்சிவேளை நம்மைவிட எட்டு நிமிடம் பிந்தி வரும்.