காரைக்குடிக் கார் ஷெட்டில் ஒரு டிரிஃப்ட் வண்டி

"டிரிஃப்ட் வண்டி கட்டணும்ணே, என்ன என்ஜின் போடலாம்?" என்று கேட்டுக்கொண்டுதான் பையன்கள் வருகிறார்கள். "கியர்பாக்ஸுக்கு என்ன வழி வச்சிருக்கே?" என்று நான் திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

விஷயம் இதுதான். டிரிஃப்ட் என்றால் வளைவில் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டுவது. அதற்குப் பின்சக்கரம் தள்ளுகிற வண்டி வேண்டும். என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து, அதன் முதுகில் கியர்பாக்ஸ், அதன் வாலில் பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று வரிசையாகப் போக வேண்டும். நம் பக்கம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற நல்ல பெட்ரோல் என்ஜின்களோ பெரும்பாலும் குறுக்காகப் படுத்திருக்கும் முன்சக்கர வண்டி என்ஜின்கள். அவற்றில் எதற்குப் பின்னால் நீளவாக்குக் கியர்பாக்ஸ் ஒன்று போல்ட் போட்டதுபோல உட்காருமோ, அதுதான் உங்கள் என்ஜின். குதிரைச் சக்தி எல்லாம் அப்புறம்.

நான் சொல்கிற கூட்டணி: பின்சக்கரம் தள்ளுகிற பழைய பிரீமியர் 118 என்இ காரின் பாடி, மாருதி பெலினோவின் 1.6 லிட்டர் என்ஜின், ஜிப்ஸியின் ஐந்து கியர் பெட்டி. பெலினோ என்றால் இப்போது ஓடுகிற ஹேட்ச்பேக் இல்லை. 1999இல் வந்த பழைய செடான். அதிலிருக்கும் ஜி16பி என்ஜின் 1590 சிசி, 16 வால்வு, 94 பிஎச்பி. ஜிப்ஸி கிங்கில் இருக்கும் 1.3 லிட்டர் என்ஜினும் இதுவும் ஒரே குடும்பம். அதனால் ஜிப்ஸி கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கிற கூடான பெல் ஹவுசிங் இதற்குப் பொருந்தும். ஆட்டோகிராஸ் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பெலினோ என்ஜினை ஜிப்ஸியில் ஏற்றுவது நெடுநாள் வழக்கம். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜிப்ஸியில் நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்டோடு இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டால் மிச்சமிருப்பது சுத்தமான பின்சக்கரக் கியர்பாக்ஸ்.

டொயோட்டாவின் 2ஜேஇசட் என்ஜின் மேல் எல்லாருக்கும் ஆசை உண்டு, எனக்கும்தான். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். அதை 118இன் மூக்கில் வைத்தால் வண்டி திரும்பவே திரும்பாது. திரும்பினாலும், சனிக்கிழமை வாட்டர் பம்ப் போனால் ஞாயிற்றுக்கிழமைக்கு யார் தருவார்? பெலினோ சாமானுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ மாலையில் போன் போட்டால், காலைப் பஸ்ஸில் பார்சல் வந்துவிடும். 94 பிஎச்பி போதுமா என்று கேட்பவர்களுக்கு: டிரிஃப்ட் உலகம் கொண்டாடுகிற டொயோட்டா ஏஇ86 காரில் இருந்ததும் 1.6 லிட்டர் நாலு சிலிண்டர்தான். வண்டி ஒரு டன்னுக்குக் கீழே இருந்து, பின் டயர் ஒல்லியாக இருந்தால், வாலை வெளியே தள்ள இந்தச் சக்தி தாராளம்.

முதலிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது ரோட்டு வண்டி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. டிஎன் 63 போர்டை வைத்துக்கொண்டு தேவகோட்டை ரஸ்தாவில் புகை கிளப்பலாம் என்று நினைப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறதே என்பார்கள். அது அரசு இடம், ஆடு மாடு திரிகிற இடம். வண்டியை டிரக்கில் ஏற்றி, கோவை செட்டிபாளையத்துக் கரி ரேஸ் டிராக்குக்கோ சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கொண்டுபோய், அனுமதி கிடைக்கிற நாளில் ஓட்டுங்கள்.

இடம் என்று பார்த்தால் செட்டிநாட்டு வீட்டுக்கு ஈடில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பின்தெருப் பக்கம் அந்தக் காலத்திலேயே கார் ஷெட் கட்டி வைத்திருக்கிறார்கள். டிரக் நேராக வாசலுக்கு வரும். தரை மட்டும் கவனம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் என்ஜின் தூக்கும் கிரேனை உருட்டினால் சக்கரத்துக்குக் கீழே கல் விண்டுபோகும், அந்தப் பூப்போட்ட கல்லுக்கு அதே ஜோடி திரும்பக் கிடைக்காது. முக்கால் அங்குலப் பிளைவுட் விரித்துக்கொள்ளுங்கள். கருங்கல் பாவிய தரை என்றால் கவலை இல்லை. பர்மாத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் கிரைண்டர் வேண்டாம். எங்கள் அப்பத்தா வடகம் காயப்போடுகிற இடத்துக்குப் பத்தடிக்குள் எந்தப் பொறியும் பறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அதற்கு அப்பீல் கிடையாது. வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில்தான் நிறுத்த வேண்டும். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை ஏற்றிவிட்டு அடியில் படுப்பவரோடு நான் வேலை செய்வதில்லை.

பாடி வாங்கும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். கார்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள்; காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கும். நம் ஊர்க் காய்ந்த காற்றில் நின்ற வண்டி பரவாயில்லை. ராமேஸ்வரம், தொண்டிப் பக்கம் நின்றது என்றால் சஸ்பென்ஷன் ஏறுகிற இடங்களை இரண்டு தடவை பாருங்கள். என்ஜினை முடிந்தால் ஓடுகிற நிலையில் கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ கழற்றி வைத்ததை வாங்கினால் கம்ப்ரஷன் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நாலு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதோடு வயரிங் முழுக் கட்டு, என்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டரான ஈசியூ, இம்மொபிலைசர் இருந்தால் அதன் சாவி, ஆக்ஸிலரேட்டர் கேபிள் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். வெட்டிய வயரைச் சல்லிக்காசுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்கின் இரண்டு முனை ஆயில் சீல் மூன்றையும் என்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

இப்போது என்ஜினையும் பெட்டியையும் சேர்ப்பது. முன்சக்கர வண்டியின் கிராங்க் முனையில், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிற பைலட் பேரிங்குக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது. ஜிப்ஸி பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் மூக்கோ அதைத் தேடும். எந்த ஃப்ளைவீல் போடுகிறீர்கள், அதில் பேரிங் உட்கார இடம் இருக்கிறதா, கிளட்ச் பிளேட்டின் பல் ஜிப்ஸி ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு ஏறுகிறதா, ஸ்டார்ட்டர் பல் ஃப்ளைவீல் வளையத்தோடு சரியாகக் கடிக்கிறதா என்று மேஜைமேல் வைத்தே பார்த்து முடியுங்கள். இதைப் பார்க்காமல் பெட்டியை போல்ட் போட்டு இழுத்து இறுக்கினால் இன்புட் பேரிங் முதல் வாரமே ஊளையிடும்.

அடுத்தது, மூன்று இடங்களில் இடிக்கும். ஒன்று, சிலிண்டர் ஹெட்டின் பின்முனை. குறுக்கே படுத்திருந்தபோது காற்றாட இருந்த முனை இப்போது, என்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலைப் பார்க்கும். அங்கே டிஸ்ட்ரிபியூட்டரோ தண்ணீர்க் குழாயோ இருந்தால் ஃபயர்வாலை உள்ளே குழித்துத் தகடு வெல்ட் பண்ண வேண்டும். இரண்டு, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப். 118இன் முன்பக்கத்தைக் குறுக்கே தாங்குகிற கிராஸ் மெம்பர் எங்கே வருகிறதோ அங்கே சம்ப் தொங்கினால் சம்பைத்தான் வெட்ட வேண்டும், கிராஸ் மெம்பரில் கை வைக்கக் கூடாது. வெட்டி ஒட்டும்போது உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதே அளவு நகர்த்துங்கள், வண்டி பக்கவாட்டில் போகும்போது ஆயில் ஓடி ஒதுங்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடும் வையுங்கள். மூன்று, எக்ஸாஸ்ட். நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். எக்ஸாஸ்டும் அந்தப் பக்கம் இறங்கினால் ஸ்டீயரிங் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி புதுக் குழாய் வளைக்க வேண்டும். பிரேக் பைப்புக்கு அருகில் போனால் வெப்பத் தடுப்பு கட்டாயம்.

மவுண்டுக்கு 5 மில்லிமீட்டர் தகடு, நல்ல ரப்பர் புஷ். முதலில் டாக், அதாவது தற்காலிகப் பொட்டு வெல்டிங், மட்டும் அடியுங்கள். ரேடியேட்டர், கியர் லிவர், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் வைத்துப் பார்த்தபிறகுதான் முழு வெல்டிங். கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்டும் பின் டிஃபரன்ஷியலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டு யூனிவர்சல் ஜாயின்டிலும் ஒரே அளவு கோணம், ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள். ஷாஃப்டை வெட்டி நீளம் மாற்றியபின் பேலன்சிங் செய்யாமல் மாட்ட வேண்டாம். ஓடும்போது ஷாஃப்ட் அறுந்தால் தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடும். முன்பாதியைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் போட்டுவையுங்கள்.

டிஃபரன்ஷியல்தான் டிரிஃப்டின் உயிர். சாதாரண டிஃபரன்ஷியலில் உள்பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், வண்டி எங்கேயும் போகாது. அதைத் தடுக்கிற எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) கிடைத்தால் போடுங்கள். கிடைக்காது, கிடைத்தாலும் விலை பாடியைத் தாண்டும். ஏழைக்கு வெல்டிங்தான்: டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியரையும் சைடு கியரையும் ஒன்றாக ஒட்டிவிடுவது. இதைத் தெருமுனை கேட் பட்டறையில் கொடுக்காதீர்கள். அந்தக் கியர்கள் கடினப்படுத்திய ஸ்டீல். சாதாரண ராடால் ஒட்டினால் சூடு ஆறும்போதே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். கேரியரை முழுக்கக் கழற்றி, கியர் ஆயில் வாசனையே இல்லாமல் கழுவி, முன்கூட்டிச் சூடு காட்டி, உலர வைத்த 7018 வெல்டிங் ராடால் ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். நமக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. திருச்சி பெல் ஆலை பாய்லர் செய்கிற இடம் என்பதால் அந்தப் பக்கமிருந்து புதுக்கோட்டை வரை ஹை பிரஷர் வெல்டர்கள் இருக்கிறார்கள். நாள் கூலி கூடத்தான், ஆனால் அவர்கள் கை வைத்த இடம் பிரியாது. அப்படி ஒருவர் வந்தால், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கிற குழாய்க் கூண்டான ரோல் கேஜையும் அவரிடமே முடித்துக்கொள்ளுங்கள்.

கேஜுக்கு ஜிஐ பைப் ஆகாது. சர்வதேச மோட்டார் விளையாட்டு விதிப்படி சீம் இல்லாத குழாய்: முதன்மை வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம். மற்றவற்றுக்கு 38க்கு 2.5. கால் ஊன்றும் இடத்தில் தரைத்தகட்டோடு நேரடியாக ஒட்டாமல் 3 மில்லிமீட்டர் தகடு வைத்து, அதற்குக் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பு கொடுங்கள். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி வயரையும் ஈசியூவையும் கழற்றிவிடுவது வழக்கமாக இருக்கட்டும்.

ஸ்டீயரிங்கைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை. சாதாரணக் காரின் முன்சக்கரம் 35 டிகிரி பக்கம் திரும்பி நின்றுவிடும். வால் வெளியே வந்தபின் அதைப் பிடிக்க அது போதாது, வண்டி சுற்றிவிடும். 45 டிகிரி கிடைத்தால் கற்றுக்கொள்ள நிறைவாக இருக்கும். வழி: சக்கரத்தோடு இருக்கும் ஸ்டீயரிங் ஆர்மின் நீளத்தைக் குறைப்பது. அந்த ஆர்மைத் தள்ளுகிற டை ராட் அதே தூரம் நகர்ந்தாலும் சக்கரம் கூடுதலாகத் திரும்பும். கை கனக்கும், பழகிவிடும். ஆனால் அந்த ஆர்மை வெட்டி வெல்ட் பண்ணுகிற வேலையே கூடாது. இஎன்24 ஸ்டீலில் புதிதாகக் கடைந்து, பால் ஜாயின்டின் சரிவுக்கு ஏற்ற டேப்பர் ரீமர் போட வேண்டும். கோவையில் இதைச் சொன்னால் புரிந்துகொண்டு செய்கிற லேத்துகள் உண்டு. மாட்டியபின் முன் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, சக்கரத்தை முழுக்க மேலேற்றியும் முழுக்கத் தொங்கவிட்டும், இரண்டு பக்கமும் கையால் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். டை ராடும் ஆர்மும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும், திரும்பி வராது. அந்த நிலைக்கு நன்கு முன்னாலேயே நிற்கும்படி ஸ்டாப்பர் வையுங்கள். காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு, 5 முதல் 7 டிகிரி கொடுத்தால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து விட்டவுடன் தானே சுழன்று வரும். பின்பக்கத்தை இஷ்டத்துக்கு மாற்ற வழியில்லை, ஒரே குழாய் ஆக்சில். அது நல்லதுதான், குழம்ப ஒன்றுமில்லை.

மிச்சம் சில்லறை வேலைகள். 118இன் பெட்ரோல் பம்ப் கார்புரேட்டருக்கானது. பெலினோவின் இன்ஜெக்டருக்கு 3 பார் பக்கம் அழுத்தம் தரும் எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும், இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கான ஹோஸ் வேண்டும். பின் பிரேக் லைனில் ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் சேருங்கள். கேபிள் இழுத்து வண்டியை வீசினால் ஒரே மதியத்தில் நீண்டுவிடும். ரேடியேட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளியே 40 டிகிரி, வண்டி நகர்வது மெதுவாக, என்ஜின் மட்டும் 6000 சுற்றில், காற்று வராது. பெரிய அலுமினியம் ரேடியேட்டர், முழுப் பரப்பையும் மூடுகிற ஷ்ரவுடோடு எலெக்ட்ரிக் ஃபேன். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயில் பிரஷர் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள். ஓடத் தொடங்கியதும் ஷெட்டிலேயே சூடேற்றி, ஃபேன் தானாக ஓடி நிற்பதைப் பார்த்தபின் வெளியே எடுங்கள். டிராக்கில் முன்பக்கம் நல்ல புது டயர், பின்பக்கம் மலிவான ஒல்லி 13 அங்குலம். ரீட்ரெட் டயர் கூடாது, மேல்தோல் பிய்ந்து ஃபெண்டரைக் கிழிக்கும். முதல் பத்து நிமிட ஓட்டம் முடிந்ததுமே வண்டியை நிறுத்தி, என்ஜின் மவுண்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட், ஸ்டீயரிங் ஆர்ம், வீல் நட் நான்கையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஏதாவது ஒன்று கால் சுற்றாவது கொடுக்கும். அதை இறுக்கி, வெள்ளை பெயிண்டால் கோடு போட்டுவிட்டு, அடுத்த ரவுண்டு போகலாம்.