இறக்குமதியான கேம்பர் வேன்: பழுது கண்டுபிடிக்கவும் பராமரிக்கவும் ஒரு தொடக்க வழிகாட்டி

ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் கேம்பர் வேன் (உள்ளேயே தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) பெரும்பாலும் தன் வயதை மறைத்துக்கொண்டுதான் வருகிறது. சீட்டில் கறை இருக்காது, பெயின்ட் பளபளக்கும், ஓடிய தூரமும் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அமெரிக்காவில் அந்நாட்டு விதிகளுக்கென்று தயாரிக்கப்படாத வண்டியைத் தடையில்லாமல் உள்ளே கொண்டுவர, அது தயாராகி 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கனடாவில் 15 ஆண்டு. அப்படி வரும் வண்டியின் ரப்பர் குழாய்க்கும் பெல்ட்டுக்கும் கிலோமீட்டர் கணக்கு தெரியாது, வருஷக் கணக்குதான் தெரியும்.

பழுதாகித்தான் ஜப்பானில் தள்ளிவிட்டார்களோ என்று பலர் சந்தேகப்படுவார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. 1992-இல் வந்து 2001-இல் இன்னும் கடுமையாக்கப்பட்ட புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், டோக்கியோ, ஒசாகா போன்ற பெருநகரப் பகுதிகளில் பழைய டீசல் வண்டிகளைத் தொடர்ந்து பதிவில் வைத்திருக்க முடியாமல் போனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் அதனால் கப்பல் ஏறின. ஆனால் அவற்றின் சர்வீஸ் பதிவுகள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டன. அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தொலைந்துபோன தகவலைத்தான் முதலில் மீட்க வேண்டும்.

படி 1: வண்டியின் அடையாளம்

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான வண்டிகளில் நாம் பழகிய 17 இலக்க எண் இருக்காது. அதற்குப் பதில் ஃபிரேம் எண் என்று ஒன்று இருக்கும்: மாடல் குறியீடு, நடுவில் ஒரு கோடு, பிறகு வரிசை எண். கதவுச் சட்டத்திலோ என்ஜின் பகுதியிலோ உள்ள தகட்டில் பாருங்கள். அந்தத் தகட்டை ஃபோட்டோ எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த பாகம் வாங்கினாலும் இந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். வண்டியின் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொன்னால் தவறான பாகம் வரும், ஏனென்றால் ஒரே பெயரில் உள்நாட்டுக்கு ஒரு என்ஜினும் ஏற்றுமதிக்கு வேறொரு என்ஜினும் போட்டிருப்பார்கள். எடுத்துக்காட்டாக, டொயோட்டா ஹையேஸில் குறியீடு கேஇசட்ஹெச் என்று தொடங்கினால் உள்ளே இருப்பது 3 லிட்டர் 1கேஇசட் டர்போ டீசல். வேறு எழுத்துகளில் தொடங்கினால் என்ஜினும் வேறு.

அடுத்து ஸ்டிக்கர்களைத் தேடுங்கள். ஆயில் மாற்றிய தேதி, டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட்) மாற்றிய கிலோமீட்டர் ஆகியவற்றை ஜப்பானிய மெக்கானிக்குகள் ஸ்டிக்கரில் எழுதி, கதவு ஓரத்திலோ என்ஜின் மூடியிலோ ஒட்டிவிடுவார்கள். ஃபோன் கேமராவில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி அதைப் படித்துக் காட்டிவிடும். ஆண்டைப் பார்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே பேரரசர் ஆட்சிக்காலத்தை வைத்தும் ஆண்டு எண்ணுவார்கள். ஹெய்செய் ஆண்டோடு 1988-ஐக் கூட்டுங்கள், ரெய்வா ஆண்டோடு 2018-ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் 21 என்றால் 2009. இது தெரியாமல் 21 என்பதை 2021 என்று படித்தால், பன்னிரண்டு வருஷம் கூடுதலாகப் பழசான பெல்ட்டைப் புதுசு என்று நம்பி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்து ஜப்பானிய என்ஜின்கள் பலவற்றுக்கு டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நான் கறாரானவன். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதன்பின் என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பெரும்பாலும் அதே இடத்தைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

படி 2: கூலன்ட்

இந்த வண்டிகளைக் கொல்வது கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைவதுதான். எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாஸ்டா போங்கோ ஃப்ரெண்டி, பழைய ஹையேஸ் போன்றவற்றில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். ரேடியேட்டர் அதற்கு முன்னால், பின்னிருக்கைக்கான ஹீட்டர் அதற்குப் பின்னால். இவற்றை இணைக்கும் குழாய்கள் வண்டிக்கு அடியில் நீளமாகப் போகும்; சில இடத்தில் இரும்பு, சில இடத்தில் ரப்பர். இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் வெடிப்பு விடும். எங்கோ ஓரிடத்தில் சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் வெளியேறும், சூடான குழாய் மீது விழுந்து ஆவியாகிவிடும், தரையில் ஈரமே தெரியாது.

டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள் காட்டிக்கொடுக்காதா? அதை நம்பி இருக்க முடியாது. பல வண்டிகளில் வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் இறங்கி, சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால், உள்ளே சிலிண்டர் ஹெட் (என்ஜினின் மேல்பகுதி) வெந்துகொண்டிருந்தாலும் முள் அசையாமல் இருக்கலாம். ஹெட் விரிசல் விட்ட பிறகுதான் தெரியவரும். அதனால் கூலன்ட் மட்டம் இறங்கினால் ஒலிக்கும் அலாரம் ஒன்றை விரிவாக்கத் தொட்டியில் (சூட்டில் விரியும் கூலன்ட் ஏறி நிற்கும் தொட்டி) பொருத்திவிடுங்கள். இந்த வகை வண்டிக்கு நீங்கள் வாங்கும் பொருள்களில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அலாரம் இல்லாதபோதும் வண்டி சில அறிகுறிகளைக் காட்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைந்திருக்கலாம் அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கலாம். வண்டிக்குள் இனிப்பு வாசனை அடித்தால் ஹீட்டர் பக்கம் கசிவு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ரேடியேட்டர் குழாயை அமுக்கினால் கல் மாதிரி இறுகி இருக்கிறதா? சிலிண்டரிலிருந்து வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதை உறுதிப்படுத்த ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. தொட்டி வாயில் வைத்தால், எரிந்த வாயு பட்டதும் அதிலுள்ள நீலத் திரவம் நிறம் மாறும். மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கூலன்ட் மாற்றினால் காற்றை வெளியேற்றுவதுதான் கஷ்டமான பகுதி. வரிசையாகச் செய்யுங்கள்:

1. என்ஜின் முழுக்க ஆறட்டும். சூடான மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும்.
2. நிரப்பும் வாய் மற்ற எல்லாக் குழாய்களையும்விட உயரமாக இருக்கும்படி வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.
3. முன் ஹீட்டர், பின் ஹீட்டர் இரண்டையும் முழுச் சூட்டில் வையுங்கள். பின் ஹீட்டரை மறந்தால் அங்கே காற்று தங்கிவிடும்.
4. மெதுவாக நிரப்புங்கள். என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று வெளியேற்றும் திருகோ குழாயோ இருந்தால் அது எங்கே என்று அந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. இரண்டு ஹீட்டரிலும் ஒரே மாதிரி சூடான காற்று வந்தால்தான் வேலை முடிந்தது. ஆறிய பிறகு மட்டத்தை மறுபடி பாருங்கள்.

வெவ்வேறு வகைக் கூலன்ட்டைக் கலக்காதீர்கள். நிறத்தை வைத்து வகையைச் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்து, சுத்தமான தண்ணீரில் அலசிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

படி 3: பேட்டரியும் வயரிங்கும்

கேம்பர் வேனில் இரண்டு பேட்டரி இருக்கும்: ஒன்று என்ஜினுக்கு, மற்றொன்று விளக்கு, ஃபிரிட்ஜ் போன்ற வீட்டு உபயோகத்துக்கு. பழுது எதில் என்று பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்து பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி தீர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். பிறகு என்ஜினை ஓடவிட்டு அளங்கள். பழைய வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வரவில்லையென்றால் ஆல்டர்னேட்டர் (ஓடும் என்ஜினிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி), அதன் பெல்ட், வயர் ஆகியவற்றைப் பாருங்கள். என்ஜின் பேட்டரியில் சரியாக வந்து, வீட்டு பேட்டரியில் மட்டும் வராவிட்டால், நடுவில் உள்ள ரிலே (இரண்டு பேட்டரியையும் இணைக்கும் மின் சுவிட்ச்) அல்லது சார்ஜர்தான் காரணம். அங்கேயுள்ள ஃபியூஸை முதலில் சோதியுங்கள். வீட்டு பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றினால் பழைய ரிலேயை அப்படியே விட்டுவிடாதீர்கள். லித்தியம் அதிகக் கரண்ட்டை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். கரண்ட்டை அளவோடு கொடுக்க, அதற்கென்று உள்ள டிசி டு டிசி சார்ஜர் வேண்டும்.

பேட்டரி நிறைவாக இருந்தும் ஃபிரிட்ஜ் அடிக்கடி அணைகிறதா? புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரி முனையில் ஒருமுறையும், ஃபிரிட்ஜின் பின்பக்க வயரில் ஒருமுறையும் வோல்டேஜை அளங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வயர் மெலிசாக இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் பக்க வயரைப் பாடியில் இறுக்கிய எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். விளக்கு மங்குவது, தண்ணீர் பம்ப் திக்குவது ஆகியவற்றுக்கும் முதலில் எர்த்தைத்தான் பார்ப்பேன்.

நிற்கும் வண்டியில் பேட்டரி தானாக இறங்கினால், நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் நிலைக்கு மாற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் இணைத்துப் பாருங்கள். எல்லாம் அணைந்த நிலையில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஏதோ ஒன்று திருட்டுத்தனமாக மின்சாரத்தை இழுக்கிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு விழுகிறதோ அந்தச் சுற்றுதான். மீட்டர் இணைந்திருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டர் போய்விடும்.

என்ஜின் பேட்டரி வாங்கும்போது முனையின் தடிமனைப் பாருங்கள். ஜப்பானிய சிறிய பேட்டரிகள் சிலவற்றில் முனை மெலிதாக இருக்கும். பொருந்தாத கிளாம்ப்பைச் சுத்தியலால் தட்டி மாட்டினால் இணைப்பு தளர்ந்து மின்சாரப் பழுதுகள் வரிசையாக வரும்.

படி 4: 100 வோல்ட் ஆபத்து

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். ஜப்பானிலேயே தயாரான கேம்பரில் மைக்ரோவேவ், சார்ஜர், பிளக் எல்லாம் அதற்கேற்றபடிதான் இருக்கும். அதை 230 வோல்ட் இணைப்பில் சொருகினால், ஹீட்டர் போன்ற கருவியில் வழக்கத்தைவிட 5 மடங்குக்கு மேல் சக்தி பாயும். எரிந்துபோகும், தீப்பிடிக்கவும் கூடும். வெளி இணைப்பைச் சொருகும் முன் ஒவ்வொரு கருவியின் தகட்டையும் படியுங்கள். மாற்றுவதாக இருந்தால் முழுச் சுற்றையும் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றுங்கள். இந்த ஒரு வேலையை நீங்களே செய்யாதீர்கள்.

அப்புறம், ரேடியோவில் பல ஸ்டேஷன் வரவில்லை என்று ஆன்டெனாவைக் கழற்ற வேண்டாம். ஜப்பானின் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, பழைய செட்கள் 90-க்கு மேல் போகாது. செட்டை மாற்றினால் போதும்.

படி 5: கேஸ் அடுப்பு

ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்பைக் கொண்டு சோதிக்கவே கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்காகத்தான் கேஸ் பெட்டியின் அடியில் துளை வைத்திருக்கிறார்கள். அதைப் பூச்சி வருகிறது, குளிர்கிறது என்று அடைக்காதீர்கள். ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதி பழையதாக இருந்தால் குழாயை மாற்றிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

குளிர் இடத்தில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுப்பில் பழுது இல்லாமலும் இருக்கலாம். சிலிண்டரில் எந்த வாயு இருக்கிறது என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும்.

படி 6: ஒழுகலும் துருவும்

கூரை இணைப்பு, ஜன்னல் ஓரம், வென்ட் ஆகிய இடங்களில் விரலால் அமுக்குங்கள். பலகை மெத்தென்று இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் புகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்காது, அதனால் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரு பகுதியில் மட்டும் தண்ணீர் தெளித்து, உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்காரவைத்துத் தேடுங்கள். பழைய சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) மேலேயே புதியதைப் பூசினால் நிற்காது. சுரண்டி எடுத்து, துடைத்து, உலரவிட்டுத்தான் பூச வேண்டும். குளியலறை சிலிகானைத் தவிர்த்துவிடுங்கள், பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது.

சாலையில் உப்புத் தூவும் ஊருக்கு வண்டி போகிறதென்றால் அடிப்பாகத்தைக் கழுவி, உலரவிட்டு, துருத் தடுப்பு மெழுகு அடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே துரு இருந்தால் அதைச் சுரண்டாமல் மேலே தார் பூசாதீர்கள், உள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் கனமான கேம்பரைத் தாங்காது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி, ஆட்கள் ஏறிய நிலையில் எடை மேடையில் நிறுத்தி, அந்த எடைக்கேற்ற டயரும் காற்றழுத்தமும் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கேஸ் வால்வை மூடி, இரண்டு பேட்டரிக்கும் சார்ஜர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி, கிலோமீட்டர், பாக எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். ஜப்பானிலிருந்து வராத அந்த சர்வீஸ் பதிவு இனி இங்கிருந்து தொடங்கட்டும்.