விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கத் தொடங்குதல்

நூல்களை உரைவடிவில் வழங்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில், அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டு உரையைத் திருத்தும் மெய்ப்புப் பணியில் பங்களிக்க விரும்புவோர், பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டு, அங்குள்ள நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் தமக்குப் பிடித்த ஒன்றின் பக்க எண்களைப் பட்டியலிடும் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, இன்னும் மெய்ப்புப் பார்க்கப்படாததைக் குறிக்கும் சிவப்பு நிறத்தில் உள்ள ஏதேனும் ஒரு பக்க எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். தொகுக்கும்போது ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படமும் மறுபுறம் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் மென்பொருள், OCR) தந்த உரையும் தோன்றும். எழுத்துணரி துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்ளக்கூடும் என்பதால், பொருளை ஊகித்துப் படிக்காமல் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். வேகமாகப் படித்துப் பழகியவர்களுக்கு இதுவே கடினம். அச்சில் உள்ள சொல்லாட்சி இன்றைய வழக்குக்கு மாறாக இருந்தாலும் அதைத் திருத்தக் கூடாது. நூலாசிரியரின் நடையைச் செப்பனிடுவது நம் வேலையன்று. முடித்தபின் பக்கத்தின் நிலையை, மெய்ப்புப் பார்க்கப்பட்டதைக் குறிக்கும் மஞ்சளுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். அதைப் பச்சையாக்கும் உரிமை, மீண்டும் ஒருமுறை சரிபார்க்கும் வேறொரு பயனருக்கே உண்டு.