பாண்டிக் கட்டத்தில் வாசிப்புப் பழக்கம்

தமிழில் 247 எழுத்துகள் என்று சொன்னாலே பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். உண்மையில் வாசிக்கும்போது அவர்கள் தடுமாறுவது சில இடங்களில்தான். அதிலும் கொம்பு போட்ட எழுத்துகளில். கெ, கே, கொ, கோ எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

இதற்குப் பாண்டி ஆட்டம் நன்றாகக் கைகொடுக்கும். வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இப்படி ஓர் எழுத்தை எழுதுங்கள். நொண்டியடித்துக் கால் வைக்கும்போது அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: கெண்டை, கேழ்வரகு, கொக்கு, கோழி. ஒரு நாளைக்கு ஆறு கட்டம் போதும்.

அப்புறம் சீட்டு விளையாட்டு. "அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்" என்று எழுதிக் கொடுங்கள். அங்கே அடுத்த சீட்டு: "கொடியில் காயும் துண்டைப் பார்." கடைசியில் ஒரு கடலைமிட்டாய். படித்தால்தான் கிடைக்கும் என்பதால், பிள்ளை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடும். தப்பாகப் படித்து வேறு இடத்தில் தேடினாலும் உடனே திருத்தாதீர்கள். திரும்பி வந்து தானே மறுபடி படிக்கட்டும்; அந்த இரண்டாவது வாசிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டால், சரி, அன்றைக்கு அவ்வளவுதான்.