கடல் பொங்கும் வீடியோ வந்தால், பகிரும் முன் இதைச் செய்யுங்கள்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தை அலை அடித்து நொறுக்குகிறது. குளச்சலில் இருக்கும் சித்தி பதறிப்போய் போன் செய்துவிட்டார். அது ஏஐ வேலை என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்தான் ஆனது, நீங்களும் செய்யலாம்.

முதலில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நம் ஊர் என்பதுதான் நமக்குப் பலம். வள்ளுவர் சிலையின் வலது கையில் அறம், பொருள், இன்பம் என்று மூன்று விரல் நிமிர்ந்திருக்கும். அந்த வீடியோவில் ஐந்து விரலும் விரிந்திருந்தது. 77 மீட்டர் பாலம் வள்ளுவர் பாறைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவில்தான் இருக்கிறது, அதிலோ கரை வரைக்கும் நீண்டு கிடந்தது. கடைப் பலகை தெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தமிழ் பல நேரம் உருக்குலைந்திருக்கும் (ஆனால் இதுவும் வேகமாகச் சரியாகி வருகிறது, இதை மட்டும் நம்ப வேண்டாம்).

அப்புறம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள், பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் மாட்டிவிடும்.

கடல் எச்சரிக்கை என்று வந்தால் மட்டும் பொய்யாகத்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன எத்தனை பேர் திரும்பவில்லை என்று நமக்குத் தெரியும். கள்ளக்கடல் (நம் பக்கம் காற்று இல்லாமலே திடீரென்று கடல் பொங்குவது), பேரலை எச்சரிக்கைகள் ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தளத்தில் வரும், புயலுக்கு வானிலை ஆய்வு மையம். அங்கே பார்த்து உறுதியாகும் வரை வள்ளத்தை இறக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.