ஹார்ட் டிஸ்க் கணினியில் தெரியாதபோது செய்யக்கூடாத தவறுகள்

வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைச் செருகியும் கணினியில் அது தென்படவில்லை என்றால், டிஸ்க் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டுவது முதல் தவறு. கைபேசிக்கு சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்கள் சிலவற்றில் தரவு செல்லும் கம்பிகளே இருப்பதில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியரும் 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியரும்தான் தரவேண்டும் என்பது விதி. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் அதையும் பல கருவிகள் பங்கு போட்டுக்கொள்வதால், டிஸ்க் சுழலத் தொடங்கும் வேளையில் மின்சாரம் போதாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே வேறொரு நல்ல கேபிளைக் கொண்டு, ஹப் இல்லாமல், கணினியின் பின்புறப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரை மட்டும் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாத டிஸ்க் அங்கே வராது. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியில் அது சரியான கொள்ளளவோடு இருக்கும். பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) நலமாக இருந்தால், அதற்கு ஓர் எழுத்தைக் கொடுப்பதே போதுமான தீர்வு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விண்டோஸ் கேட்கிறதே என்று ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்வதுதான். ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்ற அந்த அறிவிப்பு, விண்டோஸால் கோப்பு முறைமையை (கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை) படிக்க முடியவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. மேக்கின் ஏபிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆகியவற்றில் அமைந்த நல்ல டிஸ்க்குக்கும் அதே அறிவிப்பு வரலாம். இனிஷியலைஸ் (புது டிஸ்க்கைப் போல முதலிலிருந்து அமைத்தல்) செய்யட்டுமா என்ற கேள்விக்கும், உள்ளே தேவையான கோப்புகள் இருக்கும்வரை, மறுப்பே பதிலாக இருக்கட்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட்டுக்குப் பிறகும் மீட்க வழியுண்டு. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியிலோ, அழித்த தரவின் இடத்தைக் காலி என்று அறிவிக்கும் டிரிம் கட்டளை இயங்கிவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

டிஸ்க்கின் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை உடனே ஓட்டுவதும் ஆபத்தானதே. பழுது நீக்கும் முறையில் ஓட்டும்போது அது டிஸ்க்கின் மீதே எழுதித் திருத்துகிறது. தேய்ந்துவரும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி அடியாகிவிடலாம். முதலில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற பிரதியெடுக்கும் கருவியைக் கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுத்துவிட்டு, மீட்பு முயற்சிகளை அந்தப் பிரதியில் செய்ய வேண்டும்.

கேபிளையும் போர்ட்டையும் மாற்றிய பின்னும் டக் டக் என்ற ஓசை தொடர்ந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி. தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் தரவைப் படிக்கும் ஹெட் மிதப்பதால், வீட்டில் மூடியைத் திறந்தால் நுழையும் தூசியே அதைச் சிதைக்கப் போதும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் பழைய யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றிப் பொருத்துவதும் பெரும்பாலும் பலன் தராது, ஏனெனில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அந்தந்த போர்டின் ரோம் என்ற நிலைநினைவகத்தில் பதிந்திருக்கின்றன.

மடிக்கணினியில் விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியாமல் போவது வேறு கதை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் பல மாடல்களில் விஎம்டி என்ற, எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி இயக்கத்தில் இருப்பதே இதற்குப் பொதுவான காரணம். அதற்காக பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) அதை அணைத்தால், ஏற்கெனவே நிறுவியிருக்கும் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விஎம்டிக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் (இயக்கி மென்பொருளைப்) பென் டிரைவில் எடுத்து, நிறுவும் திரையிலேயே ஏற்றுவது நல்லது. பயாஸை மாற்றியே தீரவேண்டுமானால், டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை முன்னதாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.