'மேவரிக்' என்ற சொல்லை எங்கே, எப்படிப் போடுவது

ஆங்கிலச் செய்தியில் 'மேவரிக்' (கூட்டத்துக்குள் இருந்தும் தன் வழியில் போகிறவர்) என்று கண்டதும் 'கலகக்காரர்' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். பாதி இடங்களில் அது பிசகு. சொல் பிறந்த மாட்டுமந்தையை ஒருமுறை பார்த்துவிட்டால் பிசகாது.

சாமுவேல் மேவரிக் டெக்சாஸ் வழக்கறிஞர். 1836-ல் டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பிறகு சான் அன்டோனியோ மேயர். 1840-களில் வரவேண்டிய கடனுக்கு ஈடாக அவருக்குச் சுமார் 400 மாடுகள் வந்து சேர்ந்தன. அவருக்கோ நிலத்தின் மேல்தான் கண். மாடுகள் மட்டகோர்டா தீபகற்பத்தில் மேய்ந்தன. வேலி இல்லாத காலம். மாடு யாருடையது என்று சொல்ல, காய்ச்சிய இரும்பால் தோலில் சுட்ட குறி ஒன்றுதான் சாட்சி. கன்றுகளுக்குக் குறி சுடாமல் விட்டுவிட, குறியில்லாமல் திரிந்த மாட்டையெல்லாம் 'அது மேவரிக்குடையது' என்றார்கள் அக்கம்பக்கத்தார். 1856-ல் அவர் மந்தையை விற்றுவிட்டார். பெயர் மட்டும் மாட்டோடு ஒட்டிக்கொண்டது. 1880-களில் அது கட்சிக்குக் கட்டுப்படாத அரசியல்வாதி மேல் ஏறியது.

எழுதும்போது முதலில் மந்தை எது என்று பாருங்கள். கட்சியோ கம்பெனியோ, ஒரு கூட்டம் இருந்தாக வேண்டும். அடுத்து, ஆள் இன்னும் அதற்குள் இருக்கிறாரா? கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டுவிட்டு அதே கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தால் மேவரிக். கட்சியை உடைத்து வெளியே வந்துவிட்டால் அந்தச் சொல் பொருந்தாது. திறமைசாலி என்ற தொனியும் உள்ளே உண்டு; வேலைக்காகாதவரை இப்படிச் சொன்னால் கிண்டலாகிவிடும்.

மொழிபெயர்ப்பில் பெரிய குழி 'சூடு'. 'சூடு படாத மாடு' என்று எழுதினால் நம் காதில் 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு'தான் கேட்கும்; அங்கே சூடு என்றால் தண்டனை. டெக்சாஸில் அது உடைமைக் குறி. தண்டனைக்குத் தப்பியவர் வேறு, எவருக்கும் உடைமையாகாதவர் வேறு. 'அடங்காப்பிடாரி' வசவு, அது வேண்டாம். 'யார் பிடியிலும் சிக்காதவர்', 'தன் வழியில் போகிறவர்' என்று இடம் பார்த்துப் போடுங்கள். செய்தித் தலைப்பில் இடமில்லையென்றால் 'தனிவழிக்காரர்' போதும்.

பழைய டெக்சாஸ் எழுத்தில் இது வினைச்சொல்லாக வந்தால் மட்டும் நின்று படியுங்கள். மாட்டை 'மேவரிக் செய்தான்' என்றால், குறியில்லாத கன்றைப் பிடித்துத் தன் குறியைச் சுட்டுத் தனதாக்கிக்கொண்டான் என்று பொருள்.